தொறுவும் தொழுவும்: கைவிடப்பட்ட கால்நடைகளின் புகலிடம் குறித்து, திருவண்ணாமலையை முன்வைத்து

திருவண்ணாமலை என்றவுடன் கார்த்திகைத் தீபமும் மலைவலமும் வானளாவிய கோபுரங்களும் நினைவிற்கு வருதல் இயல்பே. கால்நடைகளின் வரலாற்றைத் தேடிச் செல்லும் நாமோ, அவ்வூரினின்று மேற்கே செல்லும் பழைய பெருவழியைப் பின்பற்றிச் செங்கத்திற்குச் செல்ல வேண்டியவராய் உள்ளோம். செங்கம் வட்டாரத்தில் காடும் மேடுமாய்ச் சிதறிக் கிடந்த நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் தேடித் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் நூலாக வெளியிட்டனர். அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று தனித்து நிற்பது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்ட செய்தியைக் கூறுகின்றது. அத்துடன் அமையவில்லை. வீரனின் உருவத்தின் அருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அதன் பக்கத்தில் எழுதி வைத்துள்ளனர்.

இக்கல்லின் காலத்தைக் கி.பி. 624ஐ ஒட்டிக் கணிப்பர். ஹிஜ்ரத் நிகழ்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. ஒரு நாய்க்குப் பெயரும் பெருமையும் தந்து கல்லில் பொறித்த மக்கள் அன்று நம் மண்ணில் வாழ்ந்தனர் என்பது மகிழத்தக்க செய்தி. நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்னும் நபிமொழி அரபு மண்ணில் ஒலித்ததும் அந்தத் தலைமுறையில்தான்.

செங்கத்துக் கற்களுள் பெரும்பாலானவை 'தொறு' என்னும் சொல்லைத் தாங்கி நிற்கின்றன. தொறு என்பது ஆநிரை. தொறுக் கொள்ளச் சென்று பட்டவரும் உளர். தொறு மீட்டுப் பட்டவரும் உளர். நிரை கவர்தலை வெட்சி என்றும் மீட்டலைக் கரந்தை என்றும் இலக்கணநூலார் வகுத்தவை வெறும் ஏட்டு வகைமைகள் அல்ல, இப்பகுதியின் அன்றாட வாழ்வு என்பதை இக்கற்கள் உறுதிப்படுத்தின. ஆயினும் இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். மீட்கப்பட்டது விலங்கு மட்டுமன்று, செல்வமும் ஆகும். தமிழில் 'மாடு' என்னும் சொல்லே செல்வத்தைக் குறிக்கும். அரபியில் செல்வத்தைக் குறிக்கும் 'மால்' என்னும் சொல்லைப் பாலைவாணர் தம் ஒட்டகங்களுக்கு வழங்கினர். பால் தருவதும் ஏர் இழுப்பதும் கன்று ஈனுவதுமாகிய விலங்கிற்காக உயிரைக் கொடுக்க இரு நாட்டிலும் ஆளிருந்தது. பல் தேய்ந்து, மடி வற்றி, கால் தளர்ந்த விலங்கிற்கு யார் இருந்தனர் என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

அவ்வினாவுக்குக் கோயிற் கல்வெட்டுகள் நேரான விடை தருவதில்லை. சோழர் காலந்தொட்டுத் தமிழகத்துக் கோயில்களில் நந்தாவிளக்கு எரிப்பதற்காக ஆடுகளையும் பசுக்களையும் அறக்கொடையாக விட்டனர். விளக்கொன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது பெருவழக்கு. இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்கின்றது. சாவாமலும் மூவாமலும் நிற்பது எது? ஆடு அன்று, ஆட்டின் எண்ணிக்கை. மூத்தது கழிய, இளையது அவ்விடத்தை நிரப்பும். தொண்ணூறு என்றும் தொண்ணூறாகவே நிற்கும். முதல் அழியாமல் பயன் மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்னும் வக்ஃபின் இலக்கணத்தை அறிந்தோருக்கு இக்கணக்கின் நுட்பம் எளிதில் விளங்கும். கால்நடைகளை வக்ஃபு செய்து அவற்றின் பாலையும் கம்பளியையும் அறத்திற்கு ஆக்கலாம் என்று ஷாஃபிஈ சட்ட நூல்களும் கூறுகின்றன. கழிந்துபோன அந்த மூத்த ஆடு எங்கே போயிற்று என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. அது இடையனின் கணக்கு, கோயிலின் கணக்கன்று.

நிரை கவர்தல் பல்லவர் காலத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டா. 1767இல் ஹைதர் அலீயும் நிஜாமும் கும்பெனியின் தளபதி கர்னல் ஜோசஃப் ஸ்மித்தை எதிர்த்தபோது, போரின் தொடக்கமே மாடுகளில்தான் அமைந்தது. மேய்ச்சலுக்கு விடப்பட்டிருந்த கும்பெனிப் படையின் மாடுகளை மைசூர்க் குதிரைப்படையினர் ஓட்டிச் சென்றனர். இழுவை மாடின்றிப் பீரங்கி நகராது. பொதி மாடின்றி அரிசி வராது. அவ்வாண்டு செப்டம்பரில் செங்கம் கணவாயிலும் பின்னர்த் திருவண்ணாமலையிலும் நிகழ்ந்த இரு போர்களும் உணவுத் தட்டுப்பாட்டின் நிழலிலேயே நிகழ்ந்தன. நடுகல் நட்ட அதே மண்ணில், ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, மீண்டும் வெட்சி!

மைசூர் மாடுகளைப் பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்ல இயலவில்லை. சிக்கதேவராஜ உடையார் காலத்தில் 'பெண்ணெச் சாவடி' என்னும் பெயரால் அமைந்திருந்த அரசுப் பசுமந்தையை ஹைதர் பெருக்கினார். திப்பு சுல்தான் அதற்கு 'அம்ருத் மஹால்' என்று பெயரிட்டு, மந்தைகளைப் பேணவும் ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கவும் ஆணைகள் பிறப்பித்தார். 1799இல் மந்தை ஆங்கிலேயர் வசமாயிற்று. கவனிப்பின்றி அது தேய்ந்த நிலையில் 1813இல் படைத்துறை அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்துச் சீர்செய்தனர். 1860இல் சிக்கனத்தின் பெயரால் கலைத்து விற்றனர். 1866இல் மீண்டும் தொடங்கினர். பயனுள்ள மாட்டின் நிலையே அரசின் வரவு செலவைப் பொறுத்து இவ்வாறு ஆடியதெனில், பயனற்ற மாட்டைப் பற்றி என் சொல்வது?

இனி நம் மூலநூல்கள் இதுபற்றிக் கூறுவதைக் காண்போம். தாரிமீயின் தொகுப்பில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஓர் ஒட்டகம் ஓடிவந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் பணிந்தது. அதன் உரிமையாளர்களான அன்சாரித் தோழர்களை அழைத்து வினவியபோது, இருபது ஆண்டுகள் அதைக் கொண்டு நீர் இறைத்ததாகவும், இப்போது அறுத்துப் பங்கிட எண்ணியபோது தப்பி ஓடிவந்துவிட்டதாகவும் கூறினர். அதை விலைக்குத் தருமாறு அண்ணலார் கேட்டார்கள். விலை வேண்டா, தங்களுக்கே உரியது என்றனர் அவர்கள். அவ்வாறாயின் அதன் தவணை வரும்வரை அதனிடம் நன்முறையில் நடந்துகொள்ளுங்கள் என்று பணித்தார்கள். அறுக்கத் தடை விதிக்கவில்லை என்பதையும், விலை கொடுத்து மீட்க முன்வந்தார்கள் என்பதையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். பசியாலும் களைப்பாலும் வருந்திய மற்றோர் ஒட்டகம் அண்ணலாரைக் கண்டு கண்ணீர் உகுத்த நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. அதை வாசகர் பலரும் அறிவர்.

நீர் இறைத்த ஒட்டகம் என்னும் சொற்றொடர் வடார்க்காட்டு உழவருக்கு அயலாகத் தோன்றாது. ஆற்று நீர் அரிதான இப்பகுதியில் வேளாண்மை ஏரியையும் கிணற்றையும் நம்பியது. கிணற்றில் கவலை பூட்டி, சால் இறக்கி, ஓர் இணை மாட்டைச் சரிவில் முன்னும் பின்னுமாக நடத்தி நீர் இறைத்தனர். விடியற்காலையில் தொடங்கும் அவ்வேலை வெயில் ஏறும்வரை நீளும். மின்சார மோட்டார் கிணற்றுக்கு வந்தது. கவலை மாடு வேலை இழந்தது. டிராக்டர் வந்தது, ஏர் மாடும் வேலை இழந்தது. மதீனத்து ஒட்டகம் முதுமையால் வேலை இழந்தது. நம் ஊர் மாடுகள் இளமையிலேயே இழந்தன.

சட்ட அறிஞர்கள் இதை உணர்வோடு நிறுத்தாமல் கடமையாக வடித்தனர். 'அறிஞர்களின் சுல்தான்' எனப் போற்றப்பட்ட இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (மறைவு ஹிஜ்ரி 660, கி.பி. 1262) தம் 'கவாயிதுல் அஹ்காம்' என்னும் நூலில், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகின்றார். முதலில் அவர் வைப்பது தீவனச் செலவு. விலங்கு முடமாகியோ நோயுற்றோ எவ்விதப் பயனும் தராத நிலையை அடைந்தாலும் அச்செலவு உரிமையாளனை விட்டு நீங்காது என்கின்றார். சுமக்க இயலாததைச் சுமத்தலாகாது, முட்டிக் காயப்படுத்தும் விலங்கோடு சேர்த்துக் கட்டலாகாது, தாயின் கண்முன் குட்டியை அறுக்கலாகாது என்று அவ்வரிசை நீள்கின்றது. அவருக்குச் சற்றுப் பின்னர் டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676), தேனெடுப்பவன் கூட்டில் தேனீக்களுக்கென ஒரு பகுதியை விட்டு வைக்க வேண்டும் என்பது வரை செல்கின்றார்.

உரிமையாளன் தீவனம் தர மறுத்தால் என்ன செய்வது? ஷாஃபிஈ சட்டப்படி ஆட்சியாளர் அவனைக் கட்டாயப்படுத்துவார்: உணவளி, அல்லது விற்றுவிடு, அல்லது உண்ணத்தக்க விலங்காயின் அறு. உண்ணத்தகாத கழுதையாயின் மூன்றாவது வழி அடைபட்டுவிடும். அதை ஓய்வு கருதிக் கொல்லவும் இயலாது. ஹனஃபீ சட்டத்தில் இது இறைவனிடத்துப் பதில் கூற வேண்டிய கடமை. நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்பதே பெருவழக்கு. எனினும் இமாம் அபூயூஸுஃப் அவர்கள் கட்டாயப்படுத்தலாம் என்னும் பக்கமே நின்றார்கள். எந்த மத்ஹபிலும் இல்லாத ஒரு வழி உண்டு: பட்டினியாய்க் கட்டி வைத்தல் அல்லது தெருவில் துரத்திவிடுதல். நம் காலத்தில் மிகுதியாகக் கைக்கொள்ளப்படுவது அவ்வழியே.

கைவிடப்பட்ட விலங்கை மீட்டவர் பற்றியும் ஒரு செய்தி உண்டு. உரிமையாளர் தீவனமளிக்க இயலாமல் விட்டுச் சென்ற விலங்கை எடுத்து உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்னும் அறிவிப்பை ஷஅபீ வழியாக அபூதாவூத் பதிவு செய்துள்ளார். இமாம் அஹ்மதும் இஸ்ஹாக்கும் இதையே சட்டமாகக் கொண்டனர். ஷாஃபிஈயோ, விட்டுச் சென்றமையால் உடைமை நீங்காது என்றார். 'உயிர்ப்பித்தல்' என்னும் அச்சொல்லைத் தரிசு நிலத்தைத் திருத்திப் பண்படுத்துவதற்கும் அரபியில் வழங்குவர். தரிசைத் திருத்தியவன் நிலத்திற்கு உரியவன்; பசித்துக் கிடந்ததைத் தேற்றியவன் மாட்டிற்கு உரியவன். இன்று உலகெங்கும் விலங்கு மீட்போர் எதிர்கொள்ளும் முதல் வழக்கும் இதுவே: இந்த மாடு யாருடையது?

அரசே தொழுவம் கட்டிய வரலாறும் உண்டு. வழிதவறிய ஒட்டகத்தை அதன் போக்கில் விட்டுவிடுக, அதன் காலணியும் தண்ணீர்ப் பையும் அதனிடமே உள்ளன என்பது அண்ணலார் வாக்கு. உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் நிலைமை மாறியது. அத்தகைய ஒட்டகங்களைப் பிடித்து அறிவிப்புச் செய்து விற்று, விலையை உரிமையாளருக்கென வைக்க ஆணையிட்டார்கள். அலீ (ரலி) அவர்களோ விற்கவில்லை. 'மர்பத்' என்னும் தொழுவம் ஒன்றைக் கட்டி, வழிதவறியவற்றை அதில் அடைத்து, பைத்துல்மாலிலிருந்து தீவனமிட்டார்கள். கொழுக்கவும் செய்யாத, மெலியவும் செய்யாத அளவு என்று தீவனத்தின் அளவையும் வகுத்ததாக இப்னு அபீஷைபாவின் தொகுப்பு கூறுகின்றது. உரியவர் சான்று காட்டினால் பெற்றுச் செல்வார். இல்லையேல் அது அங்கேயே இருக்கும்.

இதன் அருகில் ஆங்கிலேயரின் 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்தை வைத்துப் பார்க்கலாம். ஊர்தோறும் பவுண்டு என்றும் கொண்டித்தொழு என்றும் மக்கள் வழங்கிய அடைப்பிடம் அச்சட்டத்தின் விளைவு. பயிரை மேய்ந்த மாட்டை அங்கு அடைப்பர். உரியவர் அபராதமும் தீவனச் செலவும் கட்டி மீட்பார். குறித்த நாட்களுக்குள் மீட்காவிடில் ஏலம். தொழுவம் என்னும் வடிவம் ஒன்றே. முன்னது மாட்டின் வயிற்றை நோக்கிக் கட்டியது. பின்னது பயிரையும் கருவூலத்தையும் நோக்கிக் கட்டியது. ஏலத்தில் கிழட்டு மாட்டை எடுக்க வருபவர் யாராயிருந்திருப்பார் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

திருக்குர்ஆன் 5:103 ஆம் வசனம் பஹீரா, ஸாயிபா, வஸீலா, ஹாம் என்னும் வழக்கங்களை மறுக்கின்றது. காதைப் பிளந்தும் நேர்ந்தும் தெய்வங்களின் பெயரால் ஒட்டகங்களை அவிழ்த்துவிட்ட பழைய அரபு வழக்கங்கள் அவை. நம் ஊர்களில் சாமிக்கு நேர்ந்துவிட்ட காளையை ஒத்தது ஸாயிபா. நமக்கு இங்கு அக்கறை சமய வேறுபாட்டை விரித்துரைப்பதில் இல்லை. அவ்வழக்கங்களின் பொருளியல் பின்னணியில்தான். நேர்ந்துவிட்ட காளை ஒரு காலத்தில் ஊர் முழுமைக்கும் பொலிகாளையாய் நின்றது; ஊரார் வயலில் மேய அதற்கு உரிமை இருந்தது. ஊர் கூடிப் பேணிய காலம்வரை அது அனாதை அன்று. ஊரின் பொறுப்பு நீங்கி, நேர்த்தி மட்டும் எஞ்சிய நிலையில் அக்காளை குப்பைமேட்டிற்கு வந்து சேர்ந்தது. அவிழ்த்துவிடுதலே விடுதலை ஆகாது என்பதை மலைவலப் பாதையில் குப்பையைக் கிளறி நிற்கும் மாடுகளைக் கண்டோர் உணர்வர். அடியார் ஒருவர் அகத்திக்கீரைக் கட்டை வாங்கி அன்புடன் ஊட்டுகின்றார். அவர் சென்றபின் அம்மாடு பாலித்தீன் பையைத் தின்கின்றது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிகளுக்குத் தமிழகத்தில் 2019 தொடக்கம் முதல் தடை உண்டு. ஆயினும் மாட்டின் வயிற்றுக்கு அத்தடை முழுமையாய் எட்டியதாகத் தெரியவில்லை.

முதிர்ந்த விலங்குகளுக்கெனவே ஒதுக்கிய புகலிடங்களுள் டமாஸ்கஸின் பசும்புல்வெளி பெரிதும் பேசப்படுவது. சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸிபாயீ (1915–1964), இஸ்லாமிய நாகரிகத்தின் சிறப்புகளைப் பற்றிய தம் நூலில் இதனைக் குறிப்பிடுகின்றார். பயன் தீர்ந்ததால் உரியவர் தீவனம் மறுத்த விலங்குகள் சாகும்வரை மேய்வதற்கென அல்மர்ஜுல் அக்ளர் வக்ஃபாக விளங்கியது என்பது அவர் தரும் செய்தி. இமாம் நவவீ கற்றதும் இப்னு அப்துஸ்ஸலாம் தம் வாழ்வின் முற்பகுதியைக் கழித்ததும் அந்நகரிலேயே. சட்டமும் நிலமும் ஓரிடத்தில் கூடிய காட்சி அது.

நம் நாட்டில் இப்பணியில் முன்னின்றோர் சமணர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1623இல் முகலாயர் ஆட்சியிலிருந்த கம்பாயத்துக்கு வந்த இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வாலே, பறவைகளுக்கு ஒன்றும், ஆடுகளுக்கு ஒன்றும், பசுக்களுக்கும் கன்றுகளுக்கும் ஒன்றுமாக மருத்துவ இல்லங்களைக் கண்டு எழுதியுள்ளார். முஸ்லிம்கள் உண்பதற்காக அறுக்கவிருந்த ஆடுகளைப் பணம் கொடுத்து மீட்டு அங்கு வைத்திருந்தனர் என்றும் அவர் குறிக்கின்றார். அத்துடன் வேறொரு காட்சியும் அவர் நூலில் உண்டு. பசுக்களின் இல்லத்தில், திருட்டுக் குற்றத்திற்காகக் கைகள் இரண்டும் வெட்டப்பட்ட முஸ்லிம் ஒருவர் இருந்தார். பிழைக்க வழியற்று அவர் மடிந்துவிடக் கூடாதென்று இரக்கங் கொண்ட அவ்வூரார், ஒரு குறையும் வாராமல் அவரை அவ்விலங்குகளுக்கு இடையில் வைத்துப் பேணினர். கைவிடப்பட்டதற்கு இடம் உண்டு என்று முடிவு செய்தவர்கள், அது மாடா மனிதனா, எம்மதத்தான் என்று வினவவில்லை. மாட்டின் பெயரால் மனிதனை அடித்துக் கொல்லும் செய்திகளை அண்மைக்காலத்தில் படித்து வரும் நம்மவர் இப்பக்கத்தை ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்க வேண்டும். மற்றவர்களும் பார்க்க வேண்டும்.

அம்மரபின் தொடர்ச்சியாய் 1834இல் பம்பாயில் பிஞ்சராப்போல் எழுந்தது. தெரு நாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்து 1832இல் அந்நகரில் மூண்ட கலவரத்தின் பின்விளைவு அது. பார்ஸி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் அதன் நிறுவனர்களுள் ஒருவர். சென்னையில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1877இலும், அயனாவரம் பகுதியில் பிஞ்சராப்போல் 1906இலும் தோன்றின. கோசாலை பசுவுக்கு உரியது. பிஞ்சராப்போல் எவ்வுயிர்க்கும் உரியது. எடுத்தனூர் வீரன் உயிர் கொடுத்தது எருமைக்காக என்பதை இங்கு நினைவுகூரலாம். எருமைக்கென்று சாலை கட்டியவர் மிகச் சிலரே!

திருவண்ணாமலை நகரில் இவ்வரலாற்றின் பெயர்பெற்ற அத்தியாயம் ரமணாச்ரமத்துப் பசு லட்சுமியினுடையது. 1926இல் குடியாத்தத்தை அடுத்த ஊரினின்று ஓர் அன்பர் பசுவையும் கன்றையும் கொண்டுவந்து அளித்தார். ஆசிரமம் அன்று காட்டோரம்; சிறுத்தை அச்சம் உண்டு; பேண ஆளில்லை. ஆகவே ஏற்கத் தயங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. இரக்கம் இருந்தால் போதும், தொழுவம் தானாக எழும் என்னும் எண்ணம் அவர்களிடம் இல்லை. சிறிது காலத்தில் கன்றையும் பசுவையும் நகரத்தில் மாடு வளர்க்கும் ஒருவரிடம் ஒப்படைத்தனர். வளர்ந்த கன்று தானே வழி கண்டு நாள்தோறும் ஆசிரமத்திற்கு வந்து மாலையில் திரும்பலாயிற்று. 1930களின் தொடக்கத்தில் முறையான கோசாலை கட்டப்பட்டது. லட்சுமி அதன் முதல் குடியாயிற்று. 1948 ஜூன் 18இல் அது இறந்தபோது, ரமணர் அருகிருந்து அதன் தலையைத் தொட்டுக் கொண்டிருந்தார் என்று உடனிருந்தோர் எழுதினர். அதற்குக் கல்லறையும் எழுப்பினர். அதன் அருகிலேயே ஒரு மானுக்கும் ஒரு காகத்திற்கும் ஒரு நாய்க்கும் கல்லறைகள் உள்ளன. சமாதி பற்றிய அவர்தம் சமயக் கருத்தில் நமக்கு உடன்பாடு வேண்டுவதில்லை. வரலாற்று நோக்கில் நாம் காண்பது, கோவிவனுக்குக் கல் நட்ட மண்ணில் அவ்வழக்கம் முற்றிலும் அற்றுப் போகவில்லை என்பதே. கோசாலை இன்றும் இயங்கி வருகின்றது. 2007இல் தொடங்கப்பட்ட அருணாசலா விலங்குப் புகலிடமும் இந்நகரில் உள்ளது. அதன் பணி பெரிதும் தெருநாய்களைச் சார்ந்தது.

கெய்ரோவில் நிகழ்ந்தது இதற்கு மாறான ஒரு படிப்பினை. முதல் உலகப் போரில் பணியாற்றிய குதிரைகளைப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை எகிப்தில் விற்றுச் சென்றது. பத்தாண்டுகளுக்குப் பின் அங்கு வந்த டோரத்தி புரூக் என்னும் அம்மையார், எலும்பும் தோலுமாய் வண்டியிழுத்த அவற்றைக் கண்டு 1931இல் லண்டன் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். திரண்ட பணத்தில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை தேறும் நிலையில் இல்லை. சில நாள் நல்ல தீவனமும் ஓய்வும் தந்து வலியின்றி உயிர் நீங்கச் செய்தார். 1934இல் அவர் நிறுவிய மருத்துவமனை, ஏழை வண்டியோட்டிகளின் விலங்குகளுக்கு இலவச மருத்துவம் அளிப்பதாக வளர்ந்தது. வண்டியோட்டியைப் பகைத்து அவன் குதிரையைக் காக்க முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார். விலங்கு நேசர் பலர் இன்றும் காணாதது இது.

நம் சட்டங்களுக்கு வருவோம். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பத்து வயதைக் கடந்து, உழைப்பிற்கும் இனப்பெருக்கத்திற்கும் தகுதியற்றது என்றோ நிலையான ஊனமுற்றது என்றோ சான்று பெற்ற மாட்டையே அறுக்கலாம். 1976இல் பிறந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதை அறவே தடுத்தது. இச்சட்டத்தின் தருக்கத்தை இப்னு அப்துஸ்ஸலாமின் விதியோடு ஒப்பிட்டால் வியப்பே எழுகின்றது. பயனற்றுப் போதல் இங்கு அறுப்பதற்கான தகுதிச் சான்று. அங்கு அதுவே தீவனக் கடமையின் உரைகல். அறுப்பதை அவரும் தடுக்கவில்லைதான். ஆனால் பயன் தீர்ந்தது என்பதைக் காரணம் காட்டிக் கைகழுவ அவர் விடவில்லை.

2017 மே மாதம் ஒன்றிய அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை விதிகள், அறுப்பதற்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுத்தன. சில நாட்களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. அந்நாட்களில் விவாதம் முழுதும் உணவுரிமை, சமய உணர்வு என்னும் இரு முனைகளில் நின்றது. கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் நெடுங்காலமாய்க் கூடிவந்த மாட்டுச் சந்தையைப் போன்றவற்றின் உள்ளியக்கத்தை அறிந்தோர் குறைவாகவே பேசினர். சிறு உழவனுக்குக் கிழமாட்டின் விலை என்பது அடுத்த கன்றின் விலையில் பாதி. அதை வாங்குவோரில் நம் சமுதாயத்தாரும் உளர். தரகு பேசி இடை நிற்போரில் எல்லாச் சமயத்தாரும் உளர். அவ்விலை நின்றுவிட்டால் உழவன் மாட்டைச் சாகும்வரை பேணுவான் என்று எண்ணுவது அவன் கைப்பணத்தை அறியாதவர் கணக்கு. அவன் இரவில் கயிற்றை அவிழ்த்துவிடுகின்றான். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 50 இலட்சத்திற்கு மேற்பட்ட மாடுகளை உரியவர் அற்றவையாய்க் கண்டது. 2012க்கும் 2019க்கும் இடையில் மொத்த எண்ணிக்கை சிறிது குறைந்தபோதிலும், உத்தரப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் அது பெருகியது.

இதனால் நம் பக்கத்தில் குறையே இல்லை என்று தேறிவிடலாகாது. அறுப்பை நம் உரிமை என்று வாதாடும் நாம், அறுக்கப் போகும் மாட்டை லாரியில் கால் மடக்க இடமின்றி நெருக்கி ஏற்றி வருவதைப் பற்றி எத்தனை ஜும்ஆ உரைகளில் பேசியுள்ளோம்? ஒட்டகத்தின்மீது 600 ராத்தலுக்கு மேல் ஏற்றலாகாதென்று எகிப்து ஆளுநருக்கு எழுதியவர் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். நுனியில் இரும்பு முள் பதித்த கோலால் விலங்கைக் குத்துவதையும் அவர்கள் தடுத்தார்கள். நம் வண்டிக்காரர் கையிலிருந்த தார்க்குச்சி அதுவேதான். சந்தைகளைக் கண்காணித்த முஹ்தஸிபுக்கு அளவுக்கு மீறிய சுமையைத் தடுக்கும் பொறுப்பை இமாம் மாவர்தீ வகுத்துத் தந்துள்ளார். பத்தாம் நூற்றாண்டில் பஸராவின் இக்வானுஸ் ஸஃபா அறிஞர்கள், விலங்குகள் மனிதர்மீது ஜின்களின் அரசன் முன் வழக்குத் தொடுப்பதாகவே ஒரு நூல் இயற்றினர். தீர்ப்பு மனிதனுக்குச் சார்பாயிற்று. ஆனால் எருதும் கழுதையும் ஆடும் அடுக்கிய குற்றச்சாட்டுகளுக்கு மனிதர் தரப்பில் கூறப்பட்ட விடைகள் மிக மெலிந்தவை.

இறுதியில் எல்லாம் புல்லில் வந்து நிற்கின்றது. வளர்ந்த மாடொன்றுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து இருபது கிலோ பசுந்தீவனமோ அதற்கு ஈடான வைக்கோலோ வேண்டும். கோடையில் நீர் ஐம்பது லிட்டருக்குக் குறையாது. முன்னர் இச்செலவை மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளியும் ஏரிக்கரையும் ஏற்றன. கிழமாடும் அங்குத் தன் பங்கை மேய்ந்து வந்தது. யாரும் அதற்குக் கணக்கு எழுதவில்லை. ஊர்தோறும் அந்நிலம் மனையாகவும் அலுவலகமாகவும் மாறிய பின்னர்த்தான் கிழமாடு 'பாரம்' ஆயிற்று. உமர் (ரலி) அவர்கள் பொது மேய்ச்சல் நிலமான ஹிமாவின் காவலர் ஹுனைய்யிடம் இட்ட கட்டளை புகாரீயில் உள்ளது. சிறு மந்தை உடையவனை உள்ளே விடு; இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்ஃபானின் மந்தையையும் விடாதே; அவர்கள் கால்நடை அழிந்தாலும் தோட்டமும் வயலும் உண்டு; ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாயிலில் வந்து நிற்பான், புல்லைத் தருவது அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் தருவதினும் எனக்கு எளிது என்பது அதன் சாரம்.

தமிழகத்தில் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் உரிய வக்ஃபு நிலங்களுள் புன்செய்யாய்க் கிடப்பவை சில இன்றும் உள. வாகிஃபின் நிபந்தனைக்கு மாறாக அவற்றைத் திருப்ப இயலாது. சட்டம் அதில் கண்டிப்பானது. ஆயினும் புதிதாக வக்ஃபு எழுதுவோருக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. கல்விக்கும் கப்றுஸ்தானுக்கும் எழுதுகின்றோம். சோளத்தட்டைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் எழுதப்பட்ட பத்திரம் ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை. அவ்வாறு ஒருவர் எழுதுவாராயின், தீவனத்தின் அளவை எவ்வாறு குறிப்பது என்று அவர் தயங்க வேண்டியதில்லை. மர்பத் கட்டியவர் வகுத்த அளவு ஏட்டில் உள்ளது: கொழுக்கவும் வேண்டா, மெலியவும் வேண்டா.